குமரி மாவட்டத்திலிருந்து குடும்பத்தோடு ரோம், அசிசி, பதுவா: விசா முதல் வீடு திரும்பும் வரை

பேதுரு பேராலயத்தைப் பார்க்க வேண்டும், பதுவாவில் அந்தோணியார் கல்லறையில் கைவைத்து ஜெபிக்க வேண்டும் என்ற ஆசை நம் மாவட்டத்தில் பல வீடுகளில் உண்டு. 2022 மே 15 அன்று வத்திக்கானில் நம் மாவட்டத்துத் தேவசகாயம் பிள்ளைக்குப் புனிதர் பட்டம் கொடுத்த பிறகு அது இன்னும் கூடியிருக்கிறது. பெரும்பாலும் யாத்திரைக் குழுவில் பணம் கட்டித்தான் போகிறார்கள். குழுவில் போனால் அலைச்சல் குறைவு, உண்மைதான். ஆனால் ஒரு கோவிலில் அரைமணி நேரம் உட்கார முடியாது. சின்னப் பிள்ளைகளும் வயதானவர்களும் பஸ்ஸின் வேகத்துக்கு ஓட வேண்டும்.

குடும்பமாகத் தனியாகவே போகலாம். அங்கே போய் இறங்கிய பிறகு பெரிய கஷ்டம் ஒன்றும் இல்லை. கஷ்டமெல்லாம் இங்கே, காகிதம் சேர்ப்பதில்தான். நாங்கள் பட்ட அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இத்தாலியை வைத்துச் சொல்கிறேன். ஷெங்கன் விசா (ஒரே விசாவில் ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் போகும் வசதி) கொடுக்கும் மற்ற நாடுகளுக்கும் பெரும்பாலும் இதே வழிதான்.

1. விடுமுறைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் மே மாதம்தான் வசதி. இத்தாலியில் ஜூலை, ஆகஸ்ட் வெயில் கொளுத்தும். மே மாதம் நடக்க இதமாக இருக்கும். ஆனால் இந்தியா முழுக்க எல்லாரும் அந்த மாதத்துக்குத்தான் விசா கேட்கிறார்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசிக் கெடு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்குச் சட்டப்படி 15 நாள், தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டிக்கலாம். விண்ணப்பத்தைவிட, அதை விண்ணப்ப மையத்தில் நேரில் கொடுப்பதற்கான ஸ்லாட், அதாவது நேர ஒதுக்கீடு, கிடைப்பதுதான் பெரிய பாடு. மார்ச்சில் தேட ஆரம்பித்தால் மே மாதப் பயணம் சந்தேகம்தான். மே பயணம் என்றால் நவம்பரில் பாஸ்போர்ட்களை எடுத்துப் பாருங்கள், டிசம்பரில் காகிதம் சேருங்கள், ஜனவரியில் ஸ்லாட் பிடியுங்கள்.

2. பாஸ்போர்ட்: தேதியைப் பாருங்கள், அப்புறம் பெயரைப் பாருங்கள்

ஷெங்கன் நாடுகளை விட்டுக் கிளம்பும் நாளுக்குப் பிறகும் 3 மாதம் பாஸ்போர்ட் செல்லுபடியாக வேண்டும். கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். குறைந்தது 2 பக்கம் காலியாக இருக்க வேண்டும். பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு ஆயுள் 5 ஆண்டுதான். பெற்றோரின் தேதியை மட்டும் பார்த்துவிட்டுப் பிள்ளைகளுடையதை விட்டுவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது.

36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குப் பெரியவர்களுக்கு 1,500 ரூபாய், 18 வயதுக்குக் கீழே 1,000 ரூபாய். தட்கல் என்றால் மேலே 2,000. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்தில் சாதாரண முறையிலேயே போங்கள். நவம்பரில் தொடங்கினால் தட்கல் தேவைப்படாது.

இனி பெயர். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஆதாரில் இனிஷியலோடு ஒன்று. பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் ஒரு மாதிரி, தாயின் பாஸ்போர்ட்டில் வேறு எழுத்து. இந்த முரண் ஒவ்வொன்றும் விசா அதிகாரிக்கு ஒரு கேள்வி. திருத்த நேரம் இருந்தால் பிறப்புச் சான்றிதழிலேயே திருத்திவிடுங்கள். இல்லையென்றால் இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன்னிலையில் ஒரு பிரமாணப் பத்திரம் எடுத்துக் கோப்பில் வையுங்கள். விமான டிக்கெட், இன்சூரன்ஸ், ஓட்டல், நுழைவுச் சீட்டு எல்லாவற்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளது உள்ளபடி, ஒரு எழுத்து மாறாமல் கொடுங்கள்.

கோவிலில் நடந்த திருமணத்துக்குப் பங்கில் கொடுக்கும் சான்றிதழை மட்டும் நம்பாதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த திருமணச் சான்றிதழ் வேண்டும். பாஸ்போர்ட்டில் கணவன் அல்லது மனைவி பெயர் ஏறியிருந்தால் இன்னும் நல்லது.

3. எந்த நாட்டு விசா

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். இரவுகள் சமம் என்றால் முதலில் இறங்கும் நாடு. இத்தாலியில் 7 இரவு, லூர்து மாதாவைப் பார்க்கப் பிரான்சில் 3 இரவு என்றால் இத்தாலி. இன்னொரு நாட்டு விசா எளிதாகக் கிடைக்கிறது என்று யாராவது சொல்லி அங்கே விண்ணப்பித்தால் நிராகரிப்பு வரும், அல்லது எல்லையில் கேள்வி வரும். வத்திக்கானுக்குத் தனி விசா கிடையாது.

கட்டணம் 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குள் 45 யூரோ, 6 வயதுக்குக் கீழே இலவசம். 12 முடிந்துவிட்டால் பெரியவர் கட்டணம்தான். இதற்கு மேல் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் உண்டு. விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்ப வராது.

4. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஒவ்வொருவருக்கும் தனிக் கோப்பு, இரண்டு வயதுக் குழந்தைக்கும் கூட. கையெழுத்திட்ட விண்ணப்பப் படிவம், 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணியில் புதிய புகைப்படம், பழைய பாஸ்போர்ட் இருந்தால் அதுவும். போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுக்கும் தங்குமிட முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், யார் செலவு செய்கிறார் என்று சொல்லும் விளக்கக் கடிதம். வேலையில் இருப்பவருக்கு விடுப்புக் கடிதமும் சம்பளச் சீட்டும். கடை வைத்திருந்தால் ஜிஎஸ்டி அல்லது உரிமச் சான்று. வருமான வரிக் கணக்கு, வங்கியின் முத்திரையோடு 6 மாத ஸ்டேட்மென்ட்.

மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். எல்லா ஷெங்கன் நாட்டுக்கும், பயணத்தின் எல்லா நாளுக்கும் அது செல்ல வேண்டும். 60 வயது தாண்டிய அப்பா அம்மாவுக்குப் பிரீமியம் கூடும். அவர்களுக்கு இருக்கும் சர்க்கரை, இரத்த அழுத்தத்தை மறைக்காமல் சொல்லி எடுங்கள். அங்கே ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் மறைத்ததுதான் முதலில் தலையெடுக்கும்.

வங்கிக் கணக்கில் திடீரென்று மூன்று லட்சம் வந்து விழுந்தால் அது சந்தேகத்தைத்தான் கூட்டும். நிலம் விற்ற பணமோ சீட்டுப் பணமோ வந்திருந்தால் அதற்கான காகிதத்தை உடன் வையுங்கள். விசா உறுதி என்று சொல்லிப் போலி ஓட்டல் ரசீதோ டிக்கெட்டோ போட்டுத் தரும் ஏஜென்டிடம் போகவே போகாதீர்கள். தூதரகம் ஓட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் கதை முடிந்தது. ரத்து செய்யக்கூடிய உண்மையான முன்பதிவு செய்தாலே போதும்.

5. வீட்டில் ஒருவர் வளைகுடாவில் இருந்தால்

நம் மாவட்டத்தில் இதுதான் அதிகம். அப்பா துபாயிலோ குவைத்திலோ வேலை செய்கிறார். அம்மாவும் பிள்ளைகளும் ஊரில். எல்லாரும் ரோமில் சந்திக்கலாம் என்று திட்டம். இந்த வழியில் போகிறவர்களுக்குச் சொல்லித்தர ஆளே இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அப்பா தான் வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். அவருடைய அங்குள்ள குடியிருப்பு அனுமதி, பயணம் முடிந்த பிறகும் 3 மாதமாவது செல்லுபடியாக வேண்டும். அது முடியப் போகிறது என்றால் முதலில் அதைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடம் ஆட்சேபம் இல்லை என்ற கடிதமும் வேண்டும். சில நிறுவனங்கள் அதைக் கொடுக்கவே வாரக்கணக்கில் எடுக்கும்.

அம்மாவும் பிள்ளைகளும் இங்கே விண்ணப்பிக்கும்போது அவர்கள் கோப்பில் அப்பாவின் காகிதங்கள் முழுவதும் இருக்க வேண்டும்: பாஸ்போர்ட் நகல், குடியிருப்பு அனுமதி நகல், சம்பளச் சான்று, அங்குள்ள வங்கிக் கணக்கு, இங்குள்ள என்ஆர்ஐ கணக்கு, செலவெல்லாம் என்னுடையது என்ற கடிதம். அம்மாவுக்கு வருமானம் இல்லை என்பது குறையே இல்லை. யார் பணம், அவர் யார், உறவு என்ன என்பது காகிதத்தில் தெளிவாக இருந்தால் போதும்.

18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகள் அம்மாவோடு மட்டும் இங்கிருந்து புறப்படுவதால், அப்பாவின் ஒப்புதல் கடிதத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ சான்றொப்பம் வாங்கி அசலாக அனுப்பச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை அச்செடுத்துக் கொடுத்தால் மையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஊருக்கு வரும் நண்பர் யாரிடமாவது கொடுத்தனுப்பலாம் என்று காத்திருப்பதைவிடக் கூரியரில் அனுப்புவது நல்லது.

இரண்டு ஊரிலும் கொடுக்கும் பயணத் திட்டமும் ஓட்டல் முன்பதிவும் ஒன்றுபோல இருக்கட்டும். எல்லார் பெயரும் ஒரே முன்பதிவில் வரட்டும். விளக்கக் கடிதத்தில் ‘குடும்பத்தின் மற்றவர்கள் இந்த நாட்டில் தனியாக விண்ணப்பிக்கிறார்கள்’ என்று ஒரு வரி சேருங்கள். ஸ்லாட்களையும் ஒரே வாரத்தில் வரும்படி பாருங்கள். அப்பாவுக்கு விசா வந்து பிள்ளைகளுக்கு ஒரு மாதம் கழித்து வந்தால் மனதுக்கு நிம்மதி இருக்காது.

6. விண்ணப்பம் கொடுக்கும் நாள்

உங்கள் முகவரிக்கு எந்த மையம் என்பதை ஸ்லாட் எடுக்கும் முன் மையத்தின் இணையதளத்தில் பாருங்கள். நாங்கள் போனது சென்னைக்கு. நாகர்கோவிலிலிருந்து இரவு ரயிலில் போகிறவர்கள் காலை 11 மணிக்குப் பிறகு ஸ்லாட் எடுங்கள். ரயில் தாமதமானால் அடுத்த ஸ்லாட்டுக்கு இன்னொரு முறை எழும்பூர் போக வேண்டிவரும்.

ஒவ்வொருவருக்கும் தனி ஸ்லாட் வேண்டும். கைரேகை எடுப்பார்கள், 12 வயதுக்குக் கீழே தேவையில்லை. ஒருமுறை கொடுத்த ரேகை 59 மாதம் வரை பயன்படும். மையத்தில் நகல், புகைப்படம், சொகுசு அறை, எஸ்எம்எஸ் என்று ஒவ்வொன்றுக்கும் காசு கேட்பார்கள். எதுவும் கட்டாயம் இல்லை. கூரியர் மட்டும் எடுங்கள். பாஸ்போர்ட் வாங்க இன்னொரு முறை சென்னை போகும் செலவு மிச்சம்.

பாஸ்போர்ட் வந்ததும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை முறை நுழையலாம், எத்தனை நாள் தங்கலாம். தேதி இடைவெளி 25 நாள் இருக்கும், தங்கும் நாள் 10 என்று இருக்கும். 10 என்றால் 10 நாள்தான். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும்.

நிராகரித்தால் காரணம் எழுதிய தாள் வரும். அந்தக் காரணத்துக்கு நேரான காகிதத்தைச் சேர்த்து மறுபடி விண்ணப்பிப்பதுதான் நடைமுறையில் பயன்படும். மேல்முறையீடு உண்டு, ஆனால் அது ரோமில் நடக்கும் வழக்கு.

7. ஊர்களைக் குறையுங்கள்

10 நாளில் ஏழு ஊர் போட்டால் ரயில் நிலையத்தையும் பெட்டியையும்தான் பார்ப்பீர்கள். என் யோசனை: ரோம் 4 இரவு, அசிசி 1, பிளாரன்ஸ் 2, பதுவா 2. ரோமில் இறங்கி வெனிசில் விமானம் ஏறுங்கள். வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சமாகும். வெனிசில் தங்க வேண்டாம், விலை அதிகம். பதுவாவிலிருந்து ரயிலில் அரைமணி நேரம்தான். பகலில் போய் வரலாம். சில நாட்களில் வெனிசுக்குப் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், முன்கூட்டி இணையத்தில் கட்டினால் 5 யூரோ. போகும் நாள் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

திருவனந்தபுரத்திலிருந்து தோஹா, அபுதாபி, துபாய் வழியாகப் போகலாம். போக வரத் தலைக்கு 55,000 முதல் 80,000 ரூபாய் வரை கணக்கில் வையுங்கள். விசாவுக்கு முன் பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட் எடுக்காதீர்கள். முட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு டிக்கெட் எடுக்கும்போதே சக்கர நாற்காலி கேளுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை.

தங்க, அருட்சகோதரிகள் நடத்தும் விருந்தினர் இல்லங்கள் ரோமிலும் அசிசியிலும் நிறைய. சுத்தமாக இருக்கும்; சில இடங்களில் இரவு கதவடைக்கும் நேரம் உண்டு. உங்கள் பங்கிலிருந்து அங்கே பணிபுரியும் சிஸ்டர் யாராவது இருந்தால் அவர் மூலம் கேளுங்கள். ஓட்டல் விலைக்கு மேல் தலைக்கு இரவுக்குச் சில யூரோ நகர வரி தனியாக வாங்குவார்கள். அது மோசடி இல்லை.

8. கோவில்கள்: எது இலவசம், எதற்கு முன்பதிவு

பேதுரு பேராலயத்துக்குள் போகக் கட்டணம் இல்லை. காலை 7 மணிக்குத் திறக்கும். 8 மணிக்கு முன் போனால் சோதனை வரிசை சிறியது. குவிமாடத்தில் ஏறத்தான் சீட்டு. நடந்தால் 551 படி, லிப்ட் எடுத்தாலும் மீதி 320 படி ஏற வேண்டும். பாட்டி, தாத்தாவைக் கீழேயே உட்கார வையுங்கள்.

வத்திக்கான் அருங்காட்சியகமும் சிஸ்டைன் சிற்றாலயமும் ஒரே சீட்டு: 20 யூரோ, இணைய முன்பதிவுக்கு மேலே 5. 60 நாள் முன்பு விற்பனை திறக்கும். அதிகாரப்பூர்வத் தளத்தில் மட்டும் எடுங்கள், அதே பெயரில் இரட்டை விலைக்கு விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும். ஞாயிறு விடுமுறை. மாதக் கடைசி ஞாயிறு மட்டும் திறப்பு, அன்று இலவசம், ஆனால் பிள்ளைகளோடு அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டாம். பழைய ரோமானிய அரங்கமான கொலோசியத்தின் சீட்டில் பெயர் இருக்கும், அசல் பாஸ்போர்ட் கொண்டுபோக வேண்டும். 18 வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை.

திருத்தந்தையைப் பார்க்கப் புதன்கிழமை பொதுச் சந்திப்பு. சீட்டு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் யாரிடமும் வாங்காதீர்கள். அவர் ரோமில் இருக்கும் ஞாயிறுகளில் நண்பகல் மூவேளை ஜெபத்துக்குச் சீட்டே வேண்டாம், சதுக்கத்தில் போய் நின்றால் போதும். உங்கள் 4 இரவில் ஒரு புதனோ ஞாயிறோ வரும்படி தேதி அமையுங்கள்.

குழுவினர் அவசரத்தில் தாண்டிப்போகும் ஒரு கோவில் ஜேசு ஆலயம், வெனிசியா சதுக்கத்துக்குப் பக்கம். புனித சவேரியாரின் வலதுகை அங்கேதான் இருக்கிறது. கோட்டாறு சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் போகும் குடும்பங்கள் இதை விடக்கூடாது. நுழைவு இலவசம். நடுப்பகலில் பூட்டிவிடுவார்கள், ரோமில் சின்னக் கோவில்கள் பலவும் அப்படித்தான், மதியம் சாத்தி மூன்றரை, நான்கு மணிக்குத் திறக்கும். மரிய மேஜர் பேராலயத்தில் திருத்தந்தை பிரான்சிஸின் கல்லறை. லாத்தரன் பேராலயத்துக்கு எதிரே 28 படிகள் கொண்ட புனிதப் படிக்கட்டு, முழங்காலில்தான் ஏற வேண்டும்.

அசிசி ரயில் நிலையம் மலையடிவாரத்தில் இருக்கிறது, அங்கிருந்து பஸ். பிரான்சிஸ் பேராலயம் இலவசம். 2025 செப்டம்பர் 7 அன்று புனிதரான இளைஞர் கார்லோ அகூதிஸ் இந்த ஊரில்தான் அடக்கமாகியிருக்கிறார். ஜீன்ஸும் ஷூவும் போட்ட புனிதரைப் பிள்ளைகள் நெடுநேரம் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், அவசரப்படுத்தாதீர்கள். பிளாரன்ஸ் பேராலயத்துக்குள் இலவசம், ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளுக்கு அடைப்பு. குவிமாடத்துக்கு முன்பதிவு கட்டாயம், 463 படி, லிப்ட் இல்லை. பதுவாவில் அந்தோணியார் கல்லறையும் அவருடைய அழியா நாவும் ஒரே கோவிலில். இதற்கும் கட்டணம் இல்லை. அரை நாள் ஒதுக்குங்கள்.

தோளும் முட்டும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆண்களைத்தான் வாசலில் நிறுத்துகிறார்கள்.

9. பணம்

ஒரு யூரோ 100 ரூபாய்க்குச் சற்று மேல் என்று கணக்கிடுங்கள். பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர், 10 நாள் என்றால் டிக்கெட் இரண்டரை முதல் மூன்று லட்சம், தங்குமிடம் ஒரு லட்சத்து இருபதாயிரம் முதல் ஒன்றரை லட்சம், சாப்பாடு எழுபது, எண்பதாயிரம், விசாவும் காப்பீடும் ஐம்பதாயிரம், ரயிலும் நுழைவுச் சீட்டும் அறுபதாயிரம். ஆக ஐந்தரை முதல் ஆறரை லட்சம். அரை லட்சம் கையிருப்பு தனியாக வையுங்கள். வெளிநாட்டுப் பணம் வாங்கும்போதும் டூர் பேக்கேஜ் எடுக்கும்போதும் டிசிஎஸ் (பணம் கட்டும்போதே பிடிக்கும் வரி) பிடித்தால் ரசீதை வாங்கி வையுங்கள். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம்.

ரோம் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயில் தலைக்கு 14 யூரோ. வெள்ளை டாக்ஸிக்குப் பழைய நகர மதிலுக்குள் எங்கே போனாலும் நிர்ணயித்த கட்டணம் 55 யூரோ. பெரியவர்கள் நான்கு பேர் என்றால் டாக்ஸிதான் லாபம். ஏறும் முன் தொகையைச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஊருக்குள் பஸ், மெட்ரோவுக்கு 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். வட்டார ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தால் ஏறும் முன் மேடையில் உள்ள இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லையென்றால் அபராதம். தண்ணீர் வாங்காதீர்கள், ரோம் தெருக்குழாயில் ஓடுவது குடிதண்ணீர்தான். உணவகத்தில் தலைக்கு ஒன்றிரண்டு யூரோ இருக்கைக் கட்டணம் பில்லில் வரும்.

மெட்ரோவிலும் ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினியிலும் பிக்பாக்கெட் உண்டு. பாஸ்போர்ட்டைச் சட்டைக்குள் கழுத்துப் பையில் வையுங்கள். நகலும் போனில் படமும் தனியாக இருக்கட்டும். அவசர எண் 112.

10. பெட்டியும் எல்லையும்

இறைச்சி ஊறுகாய், நெய், பால்கோவா எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகக் கூடாது. நேந்திரம் சிப்ஸ், பொடி வகைகள், மாங்காய் ஊறுகாய் போகலாம். வாழைப்பழமும் தேங்காயும் தடையில்லாத பட்டியலில் இருக்கின்றன, மட்டிப்பழம் ஒரு சீப்பு எடுத்துக்கொள்ளலாம். மாம்பழம் வேண்டாம். மூன்று முள் பிளக் அங்கே சேராது, அடாப்டரை நாகர்கோவிலிலேயே வாங்குங்கள். மருந்துகளுக்கு டாக்டர் சீட்டு கைப்பையில் இருக்கட்டும்.

வளைகுடா விமானங்கள் பலவும் விடியற்காலையில். மார்த்தாண்டம், களியக்காவிளை, நெய்யாற்றின்கரை நெரிசலை நம்பிக் கிளம்ப முடியாது. விமான நேரத்துக்கு 6 மணி நேரம் முன்பே நாகர்கோவிலை விடுங்கள்.

2025 அக்டோபர் முதல் ஷெங்கன் எல்லையில் முகப்படமும் கைரேகையும் எடுக்கும் புதிய முறை வந்திருக்கிறது. வரிசை நீளும். இறங்கி இரண்டு மணி நேரத்துக்குள் ரயில் முன்பதிவு வைக்காதீர்கள். அதிகாரி கேட்டால் ஓட்டல் முன்பதிவு, திரும்பும் டிக்கெட், காப்பீடு மூன்றையும் அச்செடுத்த தாளாகவே காட்டுங்கள், போனில் சார்ஜ் இருக்காது.

திரும்பி வந்த பிறகு போர்டிங் சீட்டுகளையும் ஓட்டல் ரசீதுகளையும் எறியாதீர்கள். அடுத்த விண்ணப்பத்தில் பழைய விசாவைச் சரியாகப் பயன்படுத்தினீர்கள் என்பதற்கு அவைதான் சான்று. மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஷெங்கன் விசாவை முறையாகப் பயன்படுத்திய இந்தியர்களுக்கு, 2024 ஏப்ரல் முதல், இரண்டு ஆண்டுக்குப் பலமுறை நுழையும் விசா கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. பாஸ்போர்ட்டின் ஆயுளும் அவ்வளவு இருக்க வேண்டும். எனவே அடுத்த முறை லூர்துக்கோ பாத்திமாவுக்கோ போக நினைத்தால், பாஸ்போர்ட்டைப் புதுப்பித்துவிட்டு விண்ணப்பியுங்கள்.